பேராதனையிலிருந்து சைகோன் வரை

"வியட்நாம் யுத்தம் எங்கேயோ நடந்தது. அதற்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு, சேர்?"

வரலாற்றுப் பாடவேளையில் மாணவன் ஒருவன் என்னிடம் இவ்வாறு வினவினான். உடுவிலிலிருந்து நோக்கின் வியட்நாம் தூர தேசந்தான். ஆயினும், அந்நாட்டில் அந்நியப் படைகள் புகுந்த கதையில் இரண்டு ஏடுகள் எமது இலங்கைத் தீவிலேயே எழுதப்பட்டன என்பதை நம்மிற் பலர் அறியார்.

பேராதனைப் பூங்காவுக்குச் சுற்றுலாச் செல்லும் மாணவர், மலர்களையும் மூங்கிற் புதர்களையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். 1944 ஆம் ஆண்டில் நேசநாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் அங்கேதான் வந்தமர்ந்தது. மவுண்ட்பேட்டன் பிரபு அதன் தளபதி. மறு ஆண்டு யப்பான் பணிந்தது. செப்டெம்பர் 2 ஆம் நாள் ஹனோய் நகரில் ஹோ சி மின் தம் நாட்டின் சுதந்திரத்தைப் பிரகடனஞ் செய்தார். ஆனால், பொட்ஸ்டாம் மாநாட்டிலே வல்லரசுகள் அந்நாட்டை 16 ஆம் அகலக்கோட்டில் முன்னரே பங்கிட்டிருந்தன. யப்பானியரின் ஆயுதங்களைக் களையும் பொறுப்பு வடக்கிற் சீனருக்கும், தெற்கில் மவுண்ட்பேட்டனின் தலைமையகத்துக்கும் அளிக்கப்பட்டது.

அவ்வாறு சைகோன் சென்றது ஜெனரல் கிரேசியின் 20 ஆம் இந்தியப் படைப்பிரிவு. வந்த பணி யப்பானியரை நிராயுதபாணிகளாக்குவது, நடந்ததோ வேறு. சிறையிலிருந்த பிரெஞ்சுப் போர்வீரரை விடுவித்து அவர்கள் கையில் ஆயுதம் கொடுத்தார் கிரேசி. செப்டெம்பர் 23 இல் அவர்கள் நகரின் ஆட்சி நிலையங்களைக் கைப்பற்றினர். எதிர்த்தெழுந்த வியட்நாமியரை அடக்க இந்தியச் சிப்பாய்களோடு, சரணடைந்த யப்பானியரும் ஏவப்பட்டனர். தன் தாய்நாடே விடுதலை பெறாதிருக்கையில், இன்னோர் அடிமை நாட்டின் விடுதலையைத் தடுக்க இந்தியச் சிப்பாய் துவக்கேந்தி நின்றான். நேரு இதனை வன்மையாகக் கண்டித்தார். ஆனால், படையை ஏவும் அதிகாரம் அன்று அவரிடம் இருக்கவில்லை.

இரண்டாவது ஏடு 1954 ஆம் ஆண்டுக்குரியது. டியன் பியன் பூ என்னும் பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படை முற்றுகையில் அகப்பட்டுத் தவித்தது. அவ்வேளை, ஏப்ரில் 28 இல் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா, இலங்கை ஆகிய நாடுகளின் பிரதமர்கள் கொழும்பிற் கூடினர். கம்யூனிசமே பேராபத்து என்றார் எமது பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலை. அதனை மட்டும் கண்டிக்க நேரு இசையவில்லை. முடிவில், கம்யூனிச சக்தியாயினும் அதற்கு எதிரான சக்தியாயினும், வெளியார் தலையீட்டை எதிர்ப்போம் என ஐவரும் உடன்பட்டனர். இந்தோசீனாவில் உடனடிப் போர்நிறுத்தமும் அவர்கள் கோரினர்.

எனினும், ஏறக்குறைய அதே நாட்களில் பிரெஞ்சுச் சிப்பாய்களை இந்தோசீனாவுக்கு ஏற்றிச் சென்ற அமெரிக்க 'குளோப்மாஸ்டர்' விமானங்கள் இலங்கையில் இறங்கிச் செல்ல அனுமதி பெற்றன. இந்தியாவோ தன் வான்வழியை மறுத்திருந்தது. ஒரு கையிற் சமாதான ஓலை ஏந்திய நாடு, மறு கையாற் போர்க்களத்துக்கு வழி திறந்துவிட்டது. மே 7 இல் டியன் பியன் பூ வீழ்ந்தது.

ஜூலையில் ஜெனீவா உடன்படிக்கை 17 ஆம் அகலக்கோட்டில் நாட்டைத் தற்காலிகமாகப் பிரித்தது. 1956 இல் நடைபெறவேண்டிய பொதுத்தேர்தல் நடைபெறவேயில்லை. உடுவிலில் 1824 இல் பெண்களுக்குப் பாடசாலை நிறுவியவர்கள் அமெரிக்க மிஷனரிமார். அந்நாட்டவரைக் கல்வியோடு சேர்த்து நினைப்பது எம்மூரார் வழக்கம். அதே அமெரிக்கா 1965 மார்ச்சில் டா நாங் கடற்கரையிற் படையிறக்கியது. 1969 இல் அங்கிருந்த அமெரிக்க வீரர் 5 இலட்சத்துக்கும் அதிகம். சோவியத் நாடும் சீனாவும் வடபகுதிக்கு ஆயுதம் வழங்கின. சீனா படைகளையும் அனுப்பியது. 1975 ஏப்ரில் 30 இல் சைகோன் வீழ்ந்தபோது, மாண்டவருள் மிகப் பெரும்பாலோர் அம்மண்ணின் மக்களே.

அந்நியப் படை எத்தகைய விருந்தாளி என்பதைக் குடாநாட்டார்க்கு நூல் கொண்டு விளக்கவேண்டியதில்லை. 1987 ஜூலையில் அமைதி காக்க வந்த இந்தியப் படையை மாலையிட்டு வரவேற்றோர் நம்மிடையே உளர். ஒக்டோபரில் அப்படையே போரில் இறங்கியது. 1990 மார்ச்சில் அது கப்பலேறும்வரை பட்ட துயர் பல குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை. சைகோனுக்குச் சென்றதும் ஒழுங்கை நிலைநாட்டச் சென்ற படையே. படை புறப்படும்போது சொல்லப்படும் காரணம், அது சென்ற இடத்தில் நெடுநாள் நிலைப்பதில்லை.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவன் சற்றுநேரம் பேசாதிருந்தான். பின்பு, "விமானம் இறங்க இடங்கொடுத்ததும் யுத்தத்திற் பங்குகொண்டதாகுமா, சேர்?" என்றான்.

"திண்ணையில் இளைப்பாற வருபவன் கையில் துவக்கிருந்தால், எங்கே போகிறாய் என்று கேளாமல் இடங்கொடுக்கலாமா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். மணி அடித்தது. விடையை வீட்டில் எழுதி வருவதாகச் சொல்லிப் புறப்பட்டான்.