பழைய சாகா: புதுப்பிப்பதா, மாற்றுவதா?

பழைய புரோட்டோன் சாகா ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன் என்று புக்கிட் மெர்தாஜாம் காப்பிக்கடை எதிலாவது சொல்லிப் பாருங்கள். தே தாரிக் ஆறுவதற்குள் மேசை இரண்டு கட்சியாகிவிடும். "ஒரிஜினலா வச்சிக்க தம்பி, வெலை ஏறும்" என்பார் ஒருவர். "அந்த 1.3 இஞ்சினை வச்சிக்கிட்டு ஹைவேயில லாரியக்கூட முந்த முடியாது. ஹாஃப் கட் எறக்கி டர்போ போடு" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் இரண்டிலும் சேராமல், தன் மாமா வீட்டு வாசலில் ஒரு காடி சும்மா கிடப்பதாகச் சொல்லி விலை பேச ஆரம்பித்துவிடுவார்.

மோரிஸ் மைனர், டட்சன் 120ஒய், வால்வோ 240, டபிள்யூ123 பென்ஸ் என்று எந்தப் பழைய வண்டியை வாங்கினாலும் இந்தக் கேள்வி வரும். ஆனால் சாகாவின் கதை வேறு. மற்றவை இங்கு வந்து சேர்ந்த வண்டிகள். சாகா நம் நாட்டுப் பெயரோடு பிறந்தது. அதனால்தான் அதை என்ன செய்வது என்ற பேச்சில் சூடும் சற்றுக் கூடுதல்.

நாற்பதைத் தாண்டிய வண்டி

புரோட்டோன் நிறுவனம் தொடங்கியது 1983 மே 7. முதல் சாகா அறிமுகமானது 1985 ஜூலை 9. அடிப்படை மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே, இஞ்சின் 1.3 லிட்டர், 1.5 லிட்டர் என இரண்டு வகை. முகப்பில் பிறையும் பதினான்கு முனை நட்சத்திரமும் கொண்ட சின்னம். பினாங்குப் பாலம் திறக்கப்பட்டதும் அதே 1985இல்தான். அந்தப் பாலத்தில் தேசியக் கொடி பறக்க அன்றைய பிரதமர் மகாதீர் ஓட்டிப்போனது ஒரு சாகாவை. ஆலையிலிருந்து முதலில் இறங்கிய சாகா இன்று கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

செபராங் பிறைத் தமிழர்களுக்கு இந்த வண்டியோடு இன்னொரு உறவும் உண்டு. தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறி, பிறை, புக்கிட் மின்யாக் பக்கம் தொழிற்சாலைகள் எழுந்த காலம் அது. தோட்டத்தில் கிராணியார் வீட்டு வாசலில் மட்டும் கார் நிற்கும். மற்றவர்களுக்குச் சைக்கிள், கொஞ்சம் கையில் இருந்தால் கப்சாய் மோட்டார். பட்டணத்துக்குப் பெயர்ந்த பல குடும்பங்கள் ஷோரூமில் பணம் கட்டி, பிளாஸ்டிக் உறை பிரிக்காத இருக்கையில் உட்கார்ந்து வீட்டுக்கு ஓட்டி வந்த முதல் கார் சாகாதான். கல்யாண ஊர்வலத்துக்கும் அதுதான், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனதும் அதில்தான்.

1992இல் இஸ்வாரா என்ற புது முகம் வந்தது. ஆனாலும் அடிப்படை அதேதான். 2008இல் புதிய சாகா வரும்வரை அதே எலும்புக்கூடு இருபத்து மூன்று ஆண்டுகள் உற்பத்தியில் இருந்தது. இது வாங்குகிறவருக்கு மிகப் பெரிய சாதகம். இஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் சாமான்களுக்கு இன்றும் அலைய வேண்டியதில்லை.

இவ்வளவு வண்டிகள் ஓடியும் நல்ல சாகா இன்று அபூர்வமானது ஏன்? மலிவாக இருந்ததால்தான். டாக்சியாக ஓடியது, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அடிபட்டது, பையன் முதல் லைசென்ஸ் எடுத்ததும் அவன் கைக்குப் போனது. மிட்சுபிஷியின் பெரிய இஞ்சின்கள் கொஞ்சம் வெட்டி ஒட்டினால் அதன் போனட்டுக்குள் உட்கார்ந்துவிடும் என்பதால், இரவுப் பந்தயக்காரர்களின் சோதனைக்கூடமாகவும் ஆனது. மிச்சம் பழைய இரும்புக்குப் போயிற்று. கை வைக்கப்படாத ஆரம்பகாலச் சாகாவைத் தேடிப் பிடிப்பது இன்று சுலபமில்லை.

வாங்குமுன் தகரத்தைப் படியுங்கள்

அனுபவப்பட்ட பொமன்கள் எல்லாரும் ஒரே பாடத்தைத்தான் சொல்வார்கள்: இஞ்சின் கெட்டால் வேறு இஞ்சின் கிடைக்கும், தகரம் போனால் காடியே போயிற்று. சாகாவுக்குத் தனியே சேசிஸ் சட்டம் கிடையாது. தரைத் தகடும் பக்கச் சுவர்களும் கூரையும் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. எனவே துரு என்பது அழகுப் பிரச்சினை மட்டும் என்று நினைக்கக் கூடாது.

பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பின் சக்கர வளைவின் மேல் அதை நகர்த்துங்கள். ஒட்டிக்கொண்டே வரும் காந்தம் ஓரிடத்தில் பிடி விட்டால், சாயத்துக்கு அடியில் இருப்பது தகரம் இல்லை, புட்டி. அடுத்து முன் இருக்கையின் கால்வைக்கும் இடத்துக் கம்பளத்தைத் தூக்குங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் தகடு நொறுங்கும் சத்தம் கேட்கிறதா? பாட்டரித் தட்டின் கீழே அமிலம் ஒழுகிய தடம் இருக்கிறதா? முன் கண்ணாடியின் கீழ் மூலைகளில் சாயம் கொப்பளித்திருக்கிறதா? பின்பெட்டியைத் திறந்து ஸ்பேர் டயரை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். பின்விளக்கு ரப்பர் காய்ந்துபோன காடிகளில் மழைத் தண்ணீர் வந்து தேங்கும் இடம் அதுதான்.

2017 நவம்பர் தொடக்கத்தில் பினாங்கைப் புரட்டிப்போட்ட வெள்ளம் செபராங் பிறையையும் விட்டுவைக்கவில்லை. அதில் மூழ்கி எழுந்த வண்டிகளுக்குச் சாட்சி வேண்டுமானால் இருக்கைத் தண்டவாளத்தின் இடுக்கு, டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் வயர் கட்டு ஆகியவற்றில் டார்ச் அடியுங்கள். எத்தனை முறை கழுவினாலும் அங்கே படிந்த சேறு போகாது.

இஞ்சினைப் பொறுத்தவரை, காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வருமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். முதல் நொடியில் நீலப் புகை வந்து அடங்கினால் பெரும்பாலும் வால்வ் சீல்; பயப்பட வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதும் விடாமல் வந்தால் இஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும். ஆயில் மூடியின் உள்பக்கம் பால் நிறத்தில் கொழகொழப்பு இருந்தால் தண்ணீரும் எண்ணெயும் கலக்கின்றன என்று பொருள். ஜாலான் கூலிமில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது போதாது. ஜூலை மாதம் செயின்ட் ஆன் திருவிழா நெரிசலில் ஏர்கான் போட்டு ஊர்ந்துபோகும் வண்டிதான் ரேடியேட்டர் தேர்வில் தேறிய வண்டி.

கடைசியாகக் கிராண்ட், அதாவது வண்டியின் பதிவுச் சான்று. அதிலுள்ள இஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் முதலில் பார்ப்பதும் இதைத்தான். "இஞ்சின் மாத்தினது, இன்னும் பதியல, நீங்க பாத்துக்கலாம்" என்று விற்கிறவர் சொன்னால், அந்தத் தலைவலியையும் சேர்த்துத்தான் உங்களிடம் விற்கிறார்.

புதுப்பித்தல்: சின்னச் சாமான்களின் சோதனை

வண்டியைப் பழைய நிலைக்கே கொண்டுவர முடிவு செய்தால் செலவில் பெரும்பகுதி தகர வேலைக்கும் சாயத்துக்கும்தான் போகும். துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதும், அதே ஓட்டையைப் புட்டி போட்டு மூடுவதும் சாயம் அடித்த அன்று ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டு மழைக்காலம் கழித்துத்தான் வித்தியாசம் தெரியும். எனவே சாயம் அடிக்குமுன் ஒவ்வொரு கட்டத்தையும் நேரில் போய்ப் பாருங்கள். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கார்புரேட்டர் கிட், டைமிங் பெல்ட், தண்ணீர்ப் பம்ப் எல்லாம் கிடைத்துவிடும். ஆளைச் சுற்றவிடுவது சின்னச் சாமான்கள்: ஆரம்பகால முன் கிரில், அந்தப் பழைய சின்னம், வெடிக்காத டாஷ்போர்டு, கதவு ரப்பர், அதே நிறத்து இருக்கைத் துணி. இஸ்வாராவின் விளக்கும் பம்பரும் வேறு உருவம். அவற்றைக் கொண்டுவந்து மாட்டினால் வண்டி ஓடும், ஆனால் அது 1985இன் சாகாவாக இராது. ஆகவே ஓட்டுவதற்கு ஒரு வண்டி வாங்கும்போதே, சாமான் எடுக்க இன்னொரு செத்த வண்டியையும் வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. வீட்டில் இடமும் மனைவியின் சம்மதமும் இருந்தால் அது நல்ல யோசனைதான்.

மாற்றுதல்: இஞ்சினோடு நிற்காது

சாகாவுக்குள் அதிகம் பேர் கனவு காண்பது 4ஜி93 இஞ்சினை. பிற்காலத்தில் வீரா 1.8, சத்ரியா ஜிடிஐ ஆகியவற்றில் வந்த 1,834 சிசி இஞ்சின் அது. ஜிடிஐயில் சுமார் 140 குதிரைத்திறன். சாகாவின் பழைய இஞ்சினோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் ஹாஃப் கட்டில் டர்போவோடும் கிடைக்கிறது.

இறக்கி வைப்பது ஒரு வார வேலைதான் என்பார்கள். அதற்குப் பிறகுதான் கணக்கு தொடங்கும். புது இஞ்சினுக்கு ஃபியூல் இஞ்செக்ஷன். எனவே பெட்ரோல் பம்ப், குழாய், கம்ப்யூட்டர், வயரிங் எல்லாம் மாற வேண்டும். கியர்பாக்ஸும் டிரைவ் ஷாஃப்டும் மாற வேண்டும். பெரிய ரேடியேட்டர் வேண்டும். இரு மடங்கு திறனோடு ஓடும் வண்டியை நிறுத்த முன்னால் சின்ன டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் போதாது. இதில் எதையாவது "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டால், அந்த வண்டியில் உங்கள் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

சட்டம் இன்னொரு பக்கம். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டமும் வாகனக் கட்டுமானம், பயன்பாடு பற்றிய 1959 விதிகளும் இங்கே பொருந்தும். இஞ்சின் மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதி பெற வேண்டும். பரிசோதனையில் தேற வேண்டும். கிராண்டில் பதிய வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 1.3 சாகாவின் ஆண்டுச் சாலை வரி 70 வெள்ளி. 1,834 சிசி என்று பதிந்தால் அது 297 வெள்ளி. பதியாமலே ஓட்டுகிறவர்கள் வரியில் மிச்சம் பிடித்ததாக நினைக்கிறார்கள். விபத்து நேரும் நாளில், சொல்லாமல் மாற்றிய வண்டிக்குக் காப்புறுதி நிறுவனம் கையை விரித்தால், அந்த மிச்சம் எந்த மூலைக்கு?

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்?

பழம்பெரும் வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபிவா 1966இல் தொடங்கியது. முப்பது ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும், வரலாற்றுக்குப் பொருந்திய நிலையில் பேணப்பட்டிருக்க வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்கு அல்லாததாக இருக்க வேண்டும் என்பது அது வைத்த வரையறை. அதன் டூரின் சாசனம் புதுப்பித்தலைக்கூட முதல் இடத்தில் வைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி காப்பதே முதலில். மாற்றம் தவிர்க்க முடியாதது என்றால் திரும்பக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும் என்கிறது. இந்தியாவிலும் 2021இல் வந்த மத்திய விதிகள், ஐம்பது ஆண்டு கடந்து மூல வடிவம் மாறாதிருக்கும் வண்டிகளுக்குத்தான் வின்டேஜ் பதிவைத் தருகின்றன.

எதிர்த்தரப்பும் சாதாரணமானதல்ல. கலிபோர்னியாவின் சிங்கர் நிறுவனம் பழைய போர்ஷே 911களைக் கழற்றி, நவீன பாகங்களோடு மறுபடி கட்டித் தருகிறது. செல்வந்தர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் அங்கே நடப்பது இஞ்சினை மட்டும் மாற்றும் வேலை இல்லை. பிரேக்கிலிருந்து கதவுப் பிடிவரை முழு வண்டியும் புதிதாகத் திட்டமிடப்படுகிறது. நம் கடைகளில் பாதியில் நின்றுபோன சாகாக்களுக்கும் அதற்கும் உள்ள தூரம் அதுதான்.

அப்படியானால் முடிவு?

தகரம் நன்றாக இருந்து, கிராண்டும் இஞ்சினும் ஒத்துப்போகும் ஆரம்பகாலச் சாகா கிடைத்தால் அதை வெட்டக் கூடாது. 4ஜி93 இன்னும் கிடைக்கும். வெட்டப்படாத சாகா கிடைக்காது. அந்த வண்டியில் செய்ய வேண்டியவை தவிர்க்க முடியாத சில வேலைகள் மட்டும்: நல்ல டயர், புதுப் பிரேக் குழாய்கள், பின் இருக்கையில் பெல்ட் இல்லாவிட்டால் தெரிந்தவரைக் கொண்டு முறையாகப் பொருத்திய பெல்ட், ஆர்134ஏ வாயுவுக்கு மாற்றிய ஏர்கான். கழற்றிய சாமான் எதையும் தூக்கிப் போடாமல் பெட்டியில் கட்டி வையுங்கள். உங்களுக்குப் பிறகு வாங்குகிறவர் அதற்கும் விலை தருவார்.

வேகம்தான் வேண்டும் என்கிறீர்களா? தவறே இல்லை. ஏற்கெனவே இஞ்சின் மாறி, கிராண்டிலும் பதிவாகிவிட்ட வண்டியைத் தேடுங்கள். அல்லது பிற்கால இஸ்வாரா ஒன்றை எடுத்து, ஜேபிஜே அனுமதியோடு தொடங்குங்கள். இஞ்சினுக்கு ஒதுக்குவதற்கு முன் பிரேக்குக்கு ஒதுக்குங்கள்.

இவை இரண்டுக்கும் பொறுமை இல்லை, தினமும் வேலைக்குப் போக நம்பகமான வண்டிதான் தேவை என்றால், ஜூரு ஆட்டோ சிட்டி பக்கத்தில்தான் இருக்கிறது. புது வண்டிக்கு வங்கி கடன் தரும். நாற்பது வயது வண்டிக்குப் பெரும்பாலும் கைக்காசுதான். அந்தக் காசை எடுத்து நீட்டுமுன் காந்தத்தை எடுங்கள்.