மீஸான் கல் பெயர் தந்த பாறை

மாடம்பாக்கத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவதைக் கண்டவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். முதலில் மண்ணும் களியும் வெளிவரும். பிறகு, கையில் எடுத்தால் உதிர்ந்துவிடும் பழுப்பு நிற மக்கிய பாறை. அதற்கும் கீழே சென்றதும் எந்திரத்தின் ஓசை மாறிவிடும். நீலங்கலந்த சாம்பல் நிறத் தூள் பறக்கும். "பாறை வந்துவிட்டது" என்பார் துளையிடுபவர். வீட்டுக்காரரின் முகம் வாடிவிடும்.

அந்தப் பாறை நமக்குப் புதியதன்று. பல்லாவரத்திலும் திரிசூலத்திலும் குன்றுகளாய் எழுந்து நிற்பது அதுவே. பரங்கிமலையும் அதுவே. நாம் வெறுமனே கருங்கல் என்று சொல்லிவிடும் இதற்கு அறிவியலார் வைத்த பெயர் சார்னோக்கைட். அப்பெயர் வந்த வரலாறு சுவையானது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாக வங்காளத்தில் பணியாற்றிய ஜாப் சார்னாக் என்பவர் 1693ஆம் ஆண்டில் காலமானார். கல்கத்தாவில் அவருடைய அடக்கத்தலத்தில் கருமை படர்ந்த ஒரு மீஸான் கல் வைக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1893இல், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து அக்கல்லை ஆராய்ந்தார். வங்காளத்து வண்டல் சமவெளியில் அத்தகைய கல் ஏது? சென்னையின் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையும் அக்கல்லும் ஒரே இனம் என்று அவர் கண்டறிந்தார். அந்தப் பாறை இனத்துக்கே சார்னாக்கின் பெயரைச் சூட்டினார். நம் ஊர்க் கல் கல்கத்தா சென்று, அங்கிருந்து ஒரு பெயரைப் பெற்றுக்கொண்டு உலகப் பாடநூல்களில் ஏறிவிட்டது! இன்று பரங்கிமலைப் பாறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். நீலகிரி, சேர்வராயன் மலைகளும் பெரும்பாலும் இவ்வினப் பாறைகளால் ஆனவையே.

இப்பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அது உருவானது இப்போதுள்ள இடத்திலன்று. பூமியின் மேலோட்டுக்குள் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 700 பாகை செல்சியசையும் கடந்த வெப்பத்தில். அங்கே நீரின் பங்கு மிகவும் குறைவாக இருந்தமையால்தான் ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் இதில் விளைந்தது. உருகிய குழம்பு இறுகி வந்ததா, பழைய பாறை வெப்பத்தால் உருமாறி வந்ததா என்ற விவாதம் நெடுங்காலம் நடந்தது. இரு வகையிலும் தோன்றக்கூடும் என்பதே இன்றைய கருத்து.

அத்தனை ஆழத்தில் இருந்தது நம் காலடிக்கு எப்படி வந்தது? மேலிருந்த மலைகளை மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்து எடுத்துச் சென்றன. பாரம் குறையக் குறையக் கீழிருந்த பாறை மேலெழுந்தது. மேலே வந்ததும் அதன் தேய்மானம் தொடங்கியது. காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்ட மழைநீர் விரிசல்களில் இறங்கி, பெல்ஸ்பார் என்னும் கனிமத்தைக் களிமண்ணாக்குகிறது. பாறையின் மூலைகள் முதலில் சிதைவதால், வெங்காயம் உரிவதுபோல் அடுக்கடுக்காய்க் கழன்று, நடுவில் உருண்டைக் கல் மிஞ்சுகிறது.

வீட்டுக்காரரின் முகவாட்டத்துக்கு விடை இங்கேதான் உள்ளது. திடமான சார்னோக்கைட்டில் நீர் தங்க நுண்துளைகள் இல்லை. வெடிப்புகளில் மட்டுமே நீர் ஓடும். நீரைப் பஞ்சுபோல் பிடித்துவைப்பது மேலேயுள்ள அந்த மக்கிய அடுக்கே. ஆகவே ஆழம் கூடினால் நீரும் கூடும் என்பது இம்மண்ணில் பொருந்தாது. வெடிப்பைத் தொட்டால் நீர். தொடாவிட்டால் செலவு மட்டுமே. பக்கத்து வீட்டில் நீர் கிடைக்க, நம் வீட்டில் தூள் மட்டும் வருவதும் இதனால்தான்.

அந்த மேலடுக்கை ஆண்டுதோறும் நிரப்புபவை மழையும் ஏரியும். மாடம்பாக்கம் ஏரியை வயலுக்கு நீர் தந்த பழங்கால ஏற்பாடு என்று மட்டும் கருதுவோர் உண்டு. வயல்கள் மனைகளாகிவிட்டன, ஏரியின் வேலை முடியவில்லை. அதில் தேங்கும் நீர் மெல்லக் கசிந்து அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்குச் செல்கிறது. கழிவுநீர் கலந்தால் அதுவும் அதே வழியில்தான் செல்லும்.

இப்பாறையைச் சரளைக் கல்லுக்காக வெடிவைத்துத் தோண்டிய பள்ளங்கள் தென் சென்னைப் புறநகரெங்கும் உள்ளன. 2017ஆம் ஆண்டு வறட்சியில், மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்துக் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கியிருந்த மழைநீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிநீராக அனுப்பினார்கள். 2019இலும் அந்தப் பள்ளங்களைத்தான் நாடினார்கள்.