எண்கு நடமாடும் இடங்களில்

இரு நண்பர்களும் கரடியும் என்ற கதையை அறியாதார் நம்மில் இலர். ஒருவன் மரமேறித் தப்பினான். மற்றவன் மூச்சடக்கிக் கிடந்து பிழைத்தான். நட்பின் இலக்கணம் உரைக்க அக்கதை போதும். கரடியைப் பற்றி அறிய அதை நம்புவது ஆபத்து. நம் நாட்டுக் கரடி தேனடைக்காக மரமேறும் விலங்கு. மரத்தில் ஏறியவன் பிழைத்தது கதாசிரியரின் கருணையே!

அஸ்தினாபுரத்தில் வாழ்வோருக்குக் கரடி என்றதும் நினைவுக்கு வருவது வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. அங்குள்ள இமயக் கருங்கரடியின் நெஞ்சில் பிறை போன்ற வெண்கோடு உண்டு. அதன் இனம் ஜப்பானிலும் வாழ்கிறது. 2025-இல் அந்நாட்டில் கரடிகள் தாக்கிப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நவம்பரில் அகிதா மாகாணத்துக்குத் தற்காப்புப் படையையே அனுப்பும் நிலை வந்தது.

தமிழகக் காடுகளில் இருப்பதோ வேறு இனம். சங்கப் புலவர் 'எண்கு' என்றது இதனையே. இது புற்றைத் தோண்டி உண்பதையும் இலுப்பைப் பூவைத் தின்பதையும் அகநானூறு பாடுகிறது. மேல்தாடையின் நடுவே இரு முன்பற்கள் இதற்கு இல்லை; அந்த இடைவெளி வழியே கறையானை உறிஞ்சும். மண் புகாதவாறு மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளவும் வல்லது. மோப்பம் மிகக் கூர்மை, பார்வை மந்தம். இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. தலையைப் புற்றுக்குள் நுழைத்திருக்கும் கரடி நாம் நெருங்குவதை அறியாது. திடீரென்று அறிந்ததும் அஞ்சி ஓடுவதைவிடப் பாய்வதே அதன் இயல்பு. புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகிய விலங்கல்லவா!

நாம் சுற்றுலா செல்லும் நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கரடி நடமாட்டம் சாதாரணம். விளக்கெண்ணெயை நாடிக் கோயிலுக்குள் புகுவதும், பண்டங்களுக்காகச் சமையற்கட்டின் கதவை உடைப்பதும் அங்கே அடிக்கடி வரும் செய்தி. பயணிகள் எறியும் மிச்ச உணவும் அதற்கு அழைப்பே. நாம் ஒரு நாள் இருந்து திரும்பிவிடுவோம். விடியலில் தோட்டத்துக்கு நடக்கும் தொழிலாளிதான் அந்த அழைப்பின் பலனை எதிர்கொள்கிறார்.

தென்காசி மாவட்டம் கடையம் அருகே, 2022 நவம்பரில், இருசக்கர வண்டியில் சென்ற வியாபாரி ஒருவரைக் கரடி தாக்கியது. காப்பாற்ற ஓடிவந்த இருவரும் படுகாயமுற்றனர். மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்ட கரடி, களக்காட்டுக் காட்டில் விடப்பட்டபின் இறந்துபோனது. இரு தரப்புக்கும் இழப்பு.

ஆகவே மலைப்பாதையில் தனியே செல்லலாகாது. அந்தியிலும் விடியலிலும் வெளியே போவதானால் டார்ச் விளக்கோடு, உரக்கப் பேசியபடி செல்க. நம் குரல் முன்கூட்டியே எட்டினால் அது விலகிப்போகும். (பேசுவதற்கு நம் மாணவர்களுக்கு எவரும் பயிற்சி தர வேண்டியதில்லை!) தொலைவில் கண்டால் ஓடாமல், கல்லெறியாமல், மெல்லப் பின்வாங்க வேண்டும், ஓட்டத்தில் கரடியை வெல்ல முடியாது. குட்டியை முதுகில் சுமந்து வரும் தாயிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. மேலே விழுந்து தாக்கினால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடிக்கொள்ள வேண்டும். அது பெரும்பாலும் குறிவைப்பது முகத்தையும் தலையையும்.

கரடியைக் காணாமலே அதன் வரவை அறியலாம். புதிதாகத் தோண்டிய புற்று, மரப்பட்டையில் நகக்கீறல், நாவல் கொட்டை நிறைந்த எச்சம், விரல் நுனிக்கு வெகு முன்னே நகம் பதிந்த காலடி ஆகியவை அதன் கையெழுத்து. வனத்துறையினர் தானியங்கி கேமராக்களையும் பொருத்துகின்றனர். நாம் கண்டதைச் சொல்வதானால் தேதி, நேரம், இடம், எத்தனை கரடி, குட்டி உண்டா, எத்திசையில் சென்றது என்பவற்றைக் குறித்து வனச்சரக அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். 'நேற்று மாலை மலையில் பார்த்தேன்' என்பதால் யாருக்கும் பயனில்லை. அந்தத் தகவலைக் கைப்பேசியில் ஊரெல்லாம் பரப்பினால், மறுநாள் அதே புற்றருகே படமெடுக்க ஒரு கூட்டம் நிற்கும்.