கடைசி செமஸ்டரிலிருந்து கணக்குப் போடுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தப்பா மகளுக்குச் சுற்றுலாவும் நிலைத்தன்மையும் சேர்ந்த இளங்கலைப் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருந்தது. சித்தி தோசையைத் தட்டில் வைப்பதற்குள் அவள் ஒரு தாளை என் முன்னால் நீட்டினாள். அதில் மூன்று ஆண்டுகளுக்கு உரிய 40 பாடங்களின் பெயர்கள் இருந்தன.

"அக்கா, இதுல எதை எப்ப எடுக்கிறது? சுலபமானதை முதல்ல முடிச்சிரு, கஷ்டமானதை அப்புறம் பார்த்துக்கலாம்னு சீனியருங்க சொல்றாங்க."

சித்தப்பாவின் கவலை வேறு. "டூர் கைடு வேலைக்கு எதுக்கும்மா மூணு வருஷப் படிப்பு?"

சித்தப்பாவுக்கு முதலில் பதில் சொன்னேன். நம் நாட்டில் சுற்றுலா வழிகாட்டியாக வேலை செய்ய 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி தனி உரிமம் வேண்டும். பட்டம் இருந்தால் மட்டும் அது கிடைத்துவிடாது. இந்தப் படிப்பு வேறு வேலைக்கு. ஓர் இடத்துக்கு எத்தனை பேர் வரலாம், வருகிறவர்கள் விட்டுப்போகும் குப்பை எங்கே போகிறது, அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன வருமானம், பத்து ஆண்டுகள் கழித்தும் அந்த இடம் பார்க்கும்படி இருக்குமா என்று கணக்குப் பார்க்கும் வேலை அது.

தங்கைக்குப் பதில் சொல்ல என் சொந்தக் கதையைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஒரு பாடம், ஓர் ஆண்டு

நான் 2011-இல் இதே துறையில் சேர்ந்தேன். 2014-இல் முடித்திருக்க வேண்டும். முடித்தது 2015-இல்.

எந்தப் பாடத்திலும் நான் தோற்கவில்லை. கணக்கு என்றால் எனக்குப் பயம். அதனால் இரண்டாவது செமஸ்டரில் எடுக்க வேண்டிய புள்ளியியலைத் தள்ளி வைத்தேன். அதற்குப் பதில் சுலபமான ஒரு விருப்பப் பாடத்தை எடுத்துக்கொண்டேன். "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று நினைத்தேன்.

அந்தப் புள்ளியியல் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்தப்படும் என்பதை நான் கவனிக்கவில்லை. நான்காவது செமஸ்டரில்தான் அது மறுபடி வந்தது. அதை முடிக்காமல் ஆய்வு நெறிமுறைப் பாடத்தை எடுக்க முடியாது. அதுவும் ஆண்டுக்கு ஒரு முறைதான். ஆய்வு நெறிமுறையை முடிக்காமல் இறுதியாண்டு ஆய்வு இல்லை. இறுதியாண்டு ஆய்வு முடியாமல் தொழிற்பயிற்சி இல்லை. தோழிகள் ஆறாவது செமஸ்டரில் தொழிற்பயிற்சிக்குப் பெட்டி கட்டியபோது, நான் எனக்குப் பின்னால் சேர்ந்த மாணவர்களோடு உட்கார்ந்து ஆய்வு நெறிமுறை படித்துக்கொண்டிருந்தேன்.

கல்விக் கடன் மூன்று ஆண்டுகளுக்குத்தான் அனுமதிக்கப்பட்டிருந்தது. அப்பா சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர். வீட்டுக் கூரையை மாற்ற வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டணம் கட்டினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த ஆண்டு மழைக்காலத்தில் வரவேற்பறையில் இரண்டு வாளிகள் இருந்தன. இன்றும் எனக்கு அந்த வாளிச் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது.

ஆறு கட்டங்கள்

"பேனாவை எடு," என்றேன் தங்கையிடம். தாளின் பின்பக்கத்தில் ஆறு கட்டங்கள் போடச் சொன்னேன். ஒரு கட்டம் ஒரு செமஸ்டர்.

"முதல் கட்டத்தை விடு. ஆறாவதை நிரப்பு. அங்கே தொழிற்பயிற்சி. அதற்கு முந்தியதில் இறுதியாண்டு ஆய்வு. அதை எடுக்க எது முடிந்திருக்க வேண்டும்? அதை எழுது. அதற்கு எது? அதையும் எழுது."

அவள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எழுதினாள். புள்ளியியல் இரண்டாவது கட்டத்தில் வந்து நின்றது. அதை ஒரு செமஸ்டர்கூட நகர்த்த இடமில்லை என்பதை அவளே பார்த்துவிட்டாள். இப்படிச் சங்கிலியாக வரும் பாடங்களை முதலில் போட்டுவிட்டால், மிச்ச இடங்களில் மற்றதை நிரப்பலாம். முன்னாலிருந்து நிரப்பினால் இந்தச் சங்கிலி கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது பாரம். நம் நாட்டில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும் என்பது மலேசியத் தகுதி முகமையின் விதி. ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 40 மணி நேரத்துக்குச் சமம். வகுப்பு, வாசிப்பு, பணித்தாள், தேர்வு எல்லாம் அதில் அடக்கம். ஒரு செமஸ்டரில் 18 கிரெடிட் எடுத்தால் 720 மணி நேரம். தேர்வு வாரங்களையும் சேர்த்து 18 வாரம் என்று வைத்தால், வாரத்துக்கு 40 மணி நேரம்.

"அப்படின்னா முழு நேர வேலை மாதிரியாக்கா?" என்று கேட்டாள். ஆமாம். வார இறுதியில் கடையில் பகுதி நேர வேலை செய்ய நினைத்திருந்தாள். செய்யலாம். ஆனால் எந்த செமஸ்டரில் செய்வது, எதில் செய்யக்கூடாது என்பதை இந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தத்துவமும் நடப்பு விவகாரங்களும், நெறிமுறையும் நாகரிகமும் போன்ற கட்டாயப் பொதுப் பாடங்களைப் பலர் கடைசிவரை இழுத்துக்கொண்டு போவார்கள். வேண்டாம். கடினமான பாடம் வரும் செமஸ்டரில் அதற்குத் துணையாக இவற்றில் ஒன்றைப் போட்டால் பாரம் சமமாகும்.

பருவமழையும் பாட அட்டவணையும்

எங்கள் துறைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் தொழிற்பயிற்சி செய்ய ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஏறக்குறைய நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, அங்கே பெரும்பாலான விடுதிகள் மூடிக்கிடக்கும். உங்கள் தொழிற்பயிற்சி அந்த மாதங்களில் விழுந்தால் வேறு இடம்தான் தேட வேண்டும். இதை மூன்றாம் ஆண்டில் தெரிந்துகொண்டு பயனில்லை.

களப்பணிக்கும் இதே கதைதான். கோலசிலாங்கூர் பக்கம் கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சிகளைப் பற்றித்தான் நான் இறுதியாண்டு ஆய்வு செய்தேன். நிலவு வெளிச்சம் அதிகமான இரவுகளில் அவை சரியாகத் தெரியாது. பௌர்ணமியை ஒட்டி நாள் குறித்துவிட்டு, இரண்டு இரவுகளை வீணாக்கினேன்.

ஆனால் அந்த ஆறு எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தது. மின்மினிகள் கூடும் பெரெம்பாங் மரங்கள் ஆற்றோரம் நிற்கின்றன. அவற்றின் புழுக்கள் கரையோரச் சேற்று நிலத்தில் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரையை அழித்தால் மரத்தில் வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இல்லையென்றால் துடுப்புப் படகு ஓட்டுகிறவருக்கு வருமானம் இல்லை. சூழலியல் ஒரு பாடம், பொருளாதாரம் வேறு பாடம் என்று பிரித்துப் படித்த எனக்கு இரண்டும் ஒரே படகில் உட்கார்ந்திருப்பது அங்கேதான் புரிந்தது.

கையில் ஓர் இடம்

விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பதற்குத் தங்கைக்கு ஒரு வழி சொன்னேன். "உனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தை நினைத்துக்கொள். அந்த இடத்துக்கு எந்தப் பாடம் உதவும் என்று கேள்."

அவள் யோசிக்காமல் "பத்துமலை" என்றாள்.

சரி. 272 படிகள். தைப்பூசத்தன்று வரும் கூட்டமும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை வரும் கூட்டமும் ஒன்றா? அதை எண்ணத் தெரிய வேண்டுமானால் புள்ளியியல். பூமாலை, தேங்காய், பிளாஸ்டிக் புட்டி எல்லாம் எங்கே போகின்றன? கழிவு மேலாண்மை. இருட்டுக் குகையில் மூடி போட்ட வளைக்குள் வாழும் அரிய வகைச் சிலந்தி இருக்கிறது. சுண்ணாம்புக் குன்றின் சூழலியல் தெரிந்தால்தான் அதைப் பற்றிப் பேச முடியும். 2018-இல் படிகளுக்குப் பல வண்ணம் பூசியபோது மரபுச் சட்டத்தின்கீழ் அனுமதி பெறப்பட்டதா என்ற சர்ச்சை எழுந்தது. மரபுடைமைச் சட்டப் பாடம் அங்கே வருகிறது. பக்தர் வழிபட வரும் இடத்தில் பயணி படம் எடுக்க வருகிறார். இருவருக்கும் இடம் கொடுப்பது எப்படி? அது பண்பாட்டுச் சுற்றுலா.

தங்கை தாளில் நான்கு பாடங்களைச் சுழித்தாள். மற்றொன்றை அடித்தாள். "இது சும்மா பேரு நல்லா இருக்குன்னு போட்டிருந்தேன்கா," என்றாள்.

பேருந்து நின்ற நாள்

சித்தப்பா அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அதெல்லாம் சரிம்மா. கோவிட்ல உங்கப்பா பஸ் நின்னுச்சே, மறந்துட்டியா?" என்றார்.

மறக்கவில்லை. 2019-இல் நம் நாட்டுக்கு வந்த சுற்றுப்பயணிகள் 2 கோடியே 61 லட்சம் பேர். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அந்த ஆண்டு மொத்தம் வந்தவர்கள் 43 லட்சம் பேர்தான். அப்பாவின் பேருந்து நின்றது. நான் வேலை செய்த தங்கும் விடுதியில் முன்பதிவுப் பிரிவில் இருந்த பலர் வீட்டுக்குப் போனார்கள்.

எனக்கு வேலை நிலைத்தது. நான் கெட்டிக்காரி என்பதால் அல்ல. கழிவுக் கணக்கெடுப்பு என்ற பாடத்தை, வேறு பாடத்தில் இடம் நிரம்பிவிட்டதால் வேண்டாவெறுப்பாக எடுத்திருந்தேன். விடுதியில் தண்ணீர், மின்சாரம், குப்பை மூன்றுக்கும் கணக்கு வைத்திருந்தேன். விருந்தினர் இல்லாத விடுதிக்கும் மின்கட்டணம் வரும். செலவைக் குறைக்க ஆள் தேவைப்பட்டது.

"அதனாலதான் சித்தப்பா, சுற்றுலா இல்லாத இடத்திலும் விலை போகிற மாதிரி இரண்டு பாடமாவது அவ எடுக்கணும்னு சொல்றேன்," என்றேன். கணக்கியல், தரவு ஆய்வு, வரைபடத் தொழில்நுட்பம், ஆற்றல் மேலாண்மை என்று அவள் பட்டியலிலேயே அப்படிப்பட்டவை இருந்தன. அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளையிடம் "மார்க் எவ்வளவு?" என்று கேட்பதோடு வேறு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். எந்தப் பாடம் முடிந்தால் எந்தப் பாடம் எடுக்கலாம்? எது ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் வருகிறது? தொழிற்பயிற்சி எந்த மாதத்தில் விழுகிறது? பதில் தெரியாவிட்டால், பிள்ளையைப் பதிவு வாரத்துக்கு முன்பே கல்வி ஆலோசகரிடம் அனுப்புங்கள். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் அந்த ஆறு கட்டத் தாளை எடுத்துத் திருத்துங்கள். பாட வரிசை மாறும், பிள்ளையின் விருப்பமும் மாறும். திட்டம் மாறினால் தப்பில்லை, தெரியாமல் மாறினால்தான் தப்பு.

நான் கிளம்பும்போது சித்தப்பா அந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது கட்டத்தில் இருந்த புள்ளியியலைச் சிவப்புப் பேனாவால் இரண்டு முறை சுழித்திருந்தார்.

"இதைத் தள்ளிப் போடக்கூடாது. அவ்வளவுதானேம்மா?" என்றார்.

அவ்வளவுதான் சித்தப்பா.