ஏறவும் இறங்கவும் தெரிந்த தொட்டில்!

கோவில்பட்டிச் சீமையில் பருத்திக் காட்டுக்குப் புறப்படும் தாய், கஞ்சிக் கலயத்தோடு ஒரு பழஞ்சேலையையும் எடுத்துக்கொள்வாள். எதற்கு? கைப்பிள்ளைக்குத் தொட்டில் கட்ட!

கரிசல் மண் மழைக்குச் சேறு, கோடைக்கு வெடிப்பு. அதில் பிள்ளையைக் கிடத்த முடியுமா? பூச்சி பொட்டு வேறு! வேப்பங் கிளையில் சேலை தொங்கும். பிள்ளை தூங்கும். தாய் நிரை பிடித்துப் பருத்தி எடுப்பாள்.

மாலையில் அதே சேலை வீட்டு உத்தரத்துக்கு வந்துவிடும். உத்தரத்துக்கும் சேலைக்கும் நடுவே ஒரு கயிறு. சூட்சுமம் அதில்தான். முடிச்சை அவிழ்த்து ஒரு முழம் ஏற்றலாம். ஒரு முழம் இறக்கலாம். நின்று வேலை செய்கிறவளுக்கு இடுப்பு உயரம். உட்கார்ந்தவளுக்கு முழங்கால் உயரம். தீப்பெட்டி ஒட்டும் வேலை வீடு வீடாக நடந்த காலத்தில், கை பசை தடவும். கால் தொட்டில் கயிற்றை இழுக்கும்!

விருந்தாளி வந்தால் சேலையைச் சுருட்டி உத்தரத்தில் செருகிவிடுவார்கள். கூடம் காலி. மரத்தொட்டிலில் இது நடக்குமா?

இன்று கான்கிரீட் வீட்டில் உத்தரம் ஏது? கூரையில் இரும்புக் கொக்கி; அதில் சுருள்வில். தொங்குவது பெரும்பாலும் அதே சேலைதான்.

ஆனால், ஓர் ஆபத்து உண்டு. பிள்ளை இறங்கிய பிறகு தொங்கும் சேலையில் பெரிய பிள்ளைகள் ஏறிச் சுற்றி விளையாடுகிறார்கள். கழுத்து இறுகி உயிர் போன செய்தி தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது.

“வெறுந்தொட்டிலை ஆட்டாதே, பிள்ளைக்கு வயிறு வலிக்கும்” என்று பாட்டிமார் அதட்டுவார்கள். காரணம் எப்படியோ, கட்டளை நல்லது! பிள்ளை எழுந்ததும் சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட வேண்டும். அரை நிமிட வேலைதான்.