மாக்பெத் வீட்டில் தொட்டில் இல்லை

சென்ற வாரம் பார்த்த லியர் அரசனுக்கு மூன்று பெண்கள். அவர்களைப் பெற்றவள் மேடைக்கே வரவில்லை. ‘மாக்பெத்’தில் நேர்மாறு. தாய் இருக்கிறாள், பிள்ளையைக் காணோம்.

முதல் அங்கம், ஏழாம் காட்சி. விருந்தாளியாக வந்த டங்கன் அரசனைக் கொல்ல மாக்பெத் தயங்குகிறான். தான் பால் கொடுத்தவள், பால் குடிக்கும் சிசுவின் மேல் வரும் பாசம் தனக்குத் தெரியும் என்கிறாள் மனைவி. ஆனால், கணவனைப்போல் வாக்குக் கொடுத்திருந்தால், தன் முகம் பார்த்துச் சிரிக்கும் அந்தச் சிசுவை மார்பிலிருந்து பிடுங்கி மண்டையை உடைத்திருப்பாளாம். அந்தக் குழந்தை என்ன ஆயிற்று? பதில் நாடகத்தில் எங்கும் இல்லை.

வரலாற்றில் அவள் பெயர் குரூவோக். முதல் கணவன் மூலம் அவளுக்கு லூலாக் என்றொரு மகன் உண்டு. 1057இல் மாக்பெத் இறந்தபின் அரசனாகி, மறு வருஷமே கொல்லப்பட்டான். நாடகத்தில் அவனுக்கு இடமில்லை.

நாடகப் பாத்திரங்களை அடுத்த வீட்டுக்காரர்கள்போல் விசாரிப்பவர்களைக் கேலிசெய்ய, எல்.சி. நைட்ஸ் 1933இல் எழுதிய கட்டுரைக்கு ‘லேடி மாக்பெத்துக்கு எத்தனை குழந்தைகள்?’ என்றே தலைப்பு வைத்தார். நியாயமான கேலிதான். ஆனால் அந்த வசனத்தைப் பேசவேண்டிய நடிகைக்கு அதனால் என்ன பயன்? சினிமாக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. குரோசாவாவின் 1957ஆம் ஆண்டுப் படத்தில் பிள்ளை செத்துப் பிறக்கிறது. விஷால் பரத்வாஜின் ‘மக்பூல்’ படத்தில் தபு கர்ப்பிணி. ஜஸ்டின் குர்செலின் 2015ஆம் ஆண்டுப் படம் குழந்தையின் ஈமச்சடங்கோடு தொடங்குகிறது. எனக்கென்னவோ, காரணம் கிடைத்ததும் அந்த வசனத்தின் பயங்கரம் கொஞ்சம் குறைந்துபோகிறது.

நாடகத்தின் உண்மையான தாய் வேறொருத்தி. நான்காம் அங்கத்தில் ஒரே ஒரு காட்சிக்கு வந்துபோகிறவள், மாக்பெத்தை எதிர்க்கும் பிரபு மாக்டஃப்பின் மனைவி. சொந்தப் பெயர்கூட இல்லாதவள். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் இங்கிலாந்துக்குப் போய்விட்டான். சின்னஞ்சிறு குருவிகூடத் தன் குஞ்சுகளுக்காக ஆந்தையோடு மல்லுக்கு நிற்குமே, இந்த மனுஷன் ஓடிவிட்டானே என்று பொருமுகிறாள். அந்த ஆத்திரத்தில் மகனிடம், உன் அப்பா செத்துவிட்டார் என்கிறாள். பையன் நம்பினால்தானே! நிஜமாகவே செத்திருந்தால் நீ அழுதிருப்பாயே என்று மடக்குகிறான். துரோகிகளை நல்லவர்கள் தூக்கிலிடுவார்கள் என்று அவள் சொன்னதற்கு, அப்படியானால் துரோகிகள் முட்டாள்கள், அவர்கள்தானே எண்ணிக்கையில் அதிகம் என்கிறான். இந்த நாடகத்தில் ஒரு வீடு வீடாக இருப்பது இங்கே மட்டும்தான். அடுத்த நிமிஷம் மாக்பெத் அனுப்பிய கொலைகாரர்கள் நுழைகிறார்கள். அப்பாவைத் துரோகி என்றவனைப் பையன் பொய்யன் என்று ஏசுகிறான், குத்துப்படுகிறான். சாகும்போதும் அம்மாவை ஓடச்சொல்கிறான்.

இக்காட்சியைப் பார்ப்பவர்கள் தாங்கமாட்டார்கள் என்று 18, 19ஆம் நூற்றாண்டு மேடைகளில் பெரும்பாலும் வெட்டினார்கள். வெட்டினால் நாடகமே சாய்ந்துவிடும்.

யோசித்துப் பாருங்கள், மாக்பெத்தின் போரெல்லாம் பிறர் பிள்ளைகளோடுதான். டங்கனின் மகன்கள் தப்பினார்கள். சூனியக்காரிகளின் வாக்குப்படி அரச வம்சத்துக்கு மூதாதையாக வேண்டிய பாங்கோ செத்தான், அவன் மகன் ஃபிளீன்ஸ் தப்பினான். சூனியக்காரிகள் காட்டும் மூன்று மாய உருவங்களில் இரண்டு குழந்தைகள்: ஒன்று ரத்தம் தோய்ந்தது, மற்றது முடி சூடியது. பயப்படவேண்டிய பிள்ளைகளில் ஒருவனைக்கூட அவனால் பிடிக்க முடியவில்லை. கைக்குச் சிக்கியது மாக்டஃப் வீட்டுப் பிள்ளைகள். சிம்மாசனத்துக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கடைசியில் அவனைக் கொல்வதும் அவர்களுடைய தகப்பன்தான். தாயின் வயிற்றைக் கிழித்து வெளியே எடுக்கப்பட்டவன். அந்தக் காலத்தில் அப்படிப் பெற்ற தாய் பிழைப்பது அரிது.

லேடி மாக்பெத்தின் தூக்கத்தில் நடக்கும் காட்சிக்குப் பெரிய நடிகைகள் எல்லாரும் ஆசைப்பட்டார்கள். அதில் அவள் தன் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாக்டஃப்பின் மனைவி எங்கே என்றுதான் கேட்கிறாள். அவளைக் கண்டு இரக்கப்பட எனக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

அடுத்த வாரம் ‘கொரியொலேனஸ்’. மகனின் காயங்களை எண்ணிப் பூரிக்கும் வொலம்னியாவைப் பார்க்கப்போகிறோம். முடிந்தால் முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியைப் படித்துவிட்டு வாருங்கள்.