மனமும் சமூகமும் (7): பிளிடாவின் இரண்டு வார்டுகள்

1953 நவம்பரில் அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனையில் ஃபிரான்ஸ் ஃபனான் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 28. மார்த்தினிக் தீவில் பிறந்த கறுப்பர். இரண்டாம் உலகப் போரில் பிரான்சுக்காகச் சண்டையிட்டுக் காயம்பட்டவர். லியோனில் மருத்துவம் படித்தபடியே மெர்லோ-போந்தியின் தத்துவ வகுப்புகளுக்கும் போய் உட்கார்ந்தவர். அவரிடம் ஒப்படைக்கப்பட்டவற்றில் ஒரு வார்டில் 165 ஐரோப்பியப் பெண்கள், இன்னொன்றில் 220 முஸ்லிம் ஆண்கள்.

மருத்துவமனையே சீக்காக இருந்தால் உள்ளே இருப்பவர் எப்படித் தேறுவார்? ஃபிராங்கோவின் ஸ்பெயினிலிருந்து தப்பி வந்த தோஸ்கெல் என்ற மருத்துவரிடம் ஃபனான் கற்ற பாடம் இது. ஆகவே பெண்கள் வார்டில் கூட்டங்கள், விழாக்கள், சினிமா, தையல், நோயாளிகளே நடத்தும் பத்திரிகை என்று ஏற்பாடு செய்தார். சில மாதங்களில் வார்டின் முகமே மாறியது. அதையே ஆண்கள் வார்டிலும் செய்துபார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்துக்கு வந்தவர்கள் வாய் திறக்கவில்லை. கூடை முடைவது பெண்கள் வேலை என்று ஒதுங்கினார்கள்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தயாராகக் காத்திருந்தது. ஆன்ட்வான் போரோ தலைமையிலான அல்ஜியர்ஸ் மனநல மருத்துவர்கள், வட ஆப்பிரிக்கரின் மூளையமைப்பே தாழ்ந்தது, வன்முறையும் பொய்யும் அவர்களின் பிறவிக்குணம் என்று மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஆதிக்கம் அறிவியலின் உடுப்பைப் போட்டுக்கொண்ட வெட்கக்கேடு அது. ஃபனான் அந்தப் பக்கம் போகவில்லை. உதவி மருத்துவர் ஜாக் அசுலேயுடன் 1954-இல் எழுதிய கட்டுரையில், பிழை நோயாளிகளிடம் இல்லை, எங்களிடம்தான் என்று எழுதினார். ஐரோப்பிய வாழ்க்கையை அப்படியே தூக்கிவந்து வைத்துவிட்டு, அதில் கலந்துகொள்ளாதவரை நோயாளி என்றிருக்கிறோம். ஃபனானுக்கு அரபு தெரியாது, மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. அல்ஜீரியக் குடியானவர் மொழிபெயர்ப்பாளரைச் சந்தித்த இடங்களோ கோர்ட்டும் அரசு அலுவலகமும். அப்படிப்பட்ட ஒருவர் வழியாக மனத்தைத் திறந்து காட்டு என்றால் யார் காட்டுவார்?

பிறகு வார்டுக்குள் அவர்கள் ஊர்ப் பாணியில் ஒரு காப்பிக் கடை வந்தது. இஸ்லாமியப் பண்டிகைகள் கொண்டாடப்பட்டன, கதைசொல்லி வந்தார், பந்தாட மைதானம் போடப்பட்டது. நிலத்தில் வேலை கொடுத்தபோது விரும்பிச் செய்தார்கள். அவர்களில் பலர் நிலத்தை இழந்த விவசாயிகள் என்பதை நினைத்தால் இது சிறிய விஷயமில்லை.

1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைப் போர் வெடித்தது. சித்திரவதைக்கு ஆளானவர்களும் அதைச் செய்த போலீஸ்காரர்களும் ஒரே மருத்துவரிடம் வந்தார்கள். வீட்டில் மனைவியையும் குழந்தைகளையும் அடிக்கத் தொடங்கிவிட்ட ஒரு போலீஸ் அதிகாரி கேட்டது இதுதான்: வேலையை விட மாட்டேன், மனம் உறுத்தாமல் சித்திரவதை செய்ய எனக்கு வைத்தியம் பாருங்கள்.

அவரைக் 'குணப்படுத்துவது' என்றால் என்ன பொருள்? 1956-இல் பிரெஞ்சு அமைச்சர் ராபர்ட் லகோஸ்துக்கு அனுப்பிய ராஜினாமாக் கடிதத்தில் ஃபனான் இந்தக் கேள்வியின் வேருக்கே போனார். மனிதன் தன் சூழலில் அந்நியனாக உணராதிருக்கச் செய்வதே மனநல மருத்துவம் என்றால், சொந்த மண்ணிலேயே அந்நியனாக்கப்பட்ட அரபியனுக்கு அது எதைக் கொடுக்க முடியும் என்று வாதிட்டார். பதிலாக, 1957 ஜனவரியில் நாட்டைவிட்டு வெளியேறும் உத்தரவு வந்தது. துனிசுக்குப் போய் அங்கும் மனநல மருத்துவராகவே வேலை பார்த்தார். அங்கே பூட்டிய கதவுகள் இல்லாமல் அவர் நடத்திய பகல்நேர மருத்துவமனையை அடுத்த வாரம் பார்ப்போம்.